வீட்டுக்கு ஒருவர்: உறவுகளின் வழியே குழந்தைப் போராளியை அறிதல்

முன்னுரை

குழந்தைப் போராளி என்றதும் நம் மனக்கண்முன் ஒரு புகைப்படம் வந்து நிற்கும். தோளைவிடப் பெரிய துப்பாக்கி, உடம்புக்குப் பொருந்தாத சீருடை, வயதுக்குப் பொருந்தாத பார்வை. படத்தைப் பார்த்து இரங்குகிறோம் அல்லது அஞ்சுகிறோம். பிறகு பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தப் படத்திற்கு வெளியே பலர் நிற்கிறார்கள். அவனைப் பெற்ற தாய், அவனோடு சண்டை பிடித்த தங்கை, அவனுக்கு முன்னே போன நண்பன், அவனைக் கூட்டிச் சென்ற அண்ணன் ஆகியோரைப் புகைப்படம் காட்டுவதில்லை. அவர்களைக் காட்டுவது இலக்கியமே.

நான் நம் கழகத்தின் முன்னாள் உறுப்பினர். இப்போது ஜொகூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஸ்கூடாயில் நம் இளையோர் நடத்திய இலக்கியக் கலந்துரையாடல் ஒன்றில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. அக்கேள்வியை உரிய இடத்தில் கூறுகிறேன். ஒரு பிள்ளை போருக்குள் போவதும், அங்கேயே நிலைப்பதும், திரும்பி வருவதும் உறவுகளின் வழியாகவே நிகழ்கின்றன என்பதே இங்கு நான் சொல்ல விரும்பும் கருத்தாகும். இதை உணர்ந்தால் நாம் போற்றிவரும் சில பாடல்களையும் மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டிவரும்.

சட்டம் சொல்லும் வயது

முதலில் வரையறையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 15 வயதுக்குக் குறைந்தவர்களைப் படையில் சேர்க்கக்கூடாது என்றது. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட விருப்ப நெறிமுறை அந்த வரம்பை உயர்த்தியது. அரசு சாராத ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குக் குறைந்த எவரையும் எந்நிலையிலும் சேர்க்கக்கூடாது என்பது அதன் விதி. அந்நெறிமுறை 2002 பிப்ரவரி 12இல் நடப்புக்கு வந்தது. மலேசியா அதில் 2012இல் இணைந்தது. 2002இல் நடப்புக்கு வந்த ரோம் சாசனம் 15 வயதுக்குக் குறைந்தவர்களைப் படையில் சேர்ப்பதைப் போர்க்குற்றம் என்கிறது. பிள்ளை தானே விரும்பி வந்தான் என்று சொல்லி அக்குற்றத்திலிருந்து தப்ப முடியாது. 2007இல் வகுக்கப்பட்ட பாரிஸ் கோட்பாடுகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, துப்பாக்கி ஏந்தியவரை மட்டுமன்றி, படையில் சமைத்தவர், சுமை தூக்கியவர், செய்தி கொண்டு போனவர் ஆகியோரையும் இவ்வகையில் சேர்த்தன.

15 வயது என்றால் நம் நாட்டில் படிவம் மூன்று. என் வகுப்பில் இருக்கும் பையன்களை நினைத்துக்கொள்கிறேன். காலையில் அம்மா கட்டிக்கொடுத்த நாசி லெமாக்கை முதல் பாடவேளையிலேயே மேசைக்கு அடியில் வைத்துத் தின்று முடிப்பவர்கள். உரிமம் எடுக்கும் வயது வருமுன்பே மோட்டார் சைக்கிள் கனவு காண்பவர்கள். நண்பன் ஒருவன் வராவிட்டால் காற்பந்துக்கும் போகாதவர்கள். அவர்களுக்குக் கொள்கையைவிட நண்பனே பெரிது. ஆசிரியர் திட்டினால் அன்று மாலையே மறந்துவிடுவார்கள். அப்பா பலர் முன்னிலையில் அடித்தால் மறக்கவே மாட்டார்கள். சட்டம் சொல்லும் எண்ணுக்குள் இத்தகைய ஒரு மனம் இருக்கிறது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

உள்ளே போகத் தெரிந்தவன்

நம் மரபிலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பாரதப் போரில் அபிமன்யுவுக்கு வயது பதினாறு என்பர். சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகும் வழி அவனுக்குத் தெரியும். வெளியே வரும் வழி தெரியாது. அதை அவனே சொல்கிறான். அப்படியிருந்தும் போகிறான். ஏன்? கேட்டவர் தருமர், அவனுடைய பெரியப்பா. பின்னால் நாங்கள் வருகிறோம் என்று வாக்களித்தவர்களும் பெரியப்பா, சித்தப்பா முறையினரே. தந்தை அருச்சுனன் அப்போது வேறொரு முனையில் போரிட்டுக்கொண்டிருக்கிறான். பின்தொடர வந்தவர்களைச் சயத்ரதன் மறித்துவிட, பிள்ளை தனியாக மாட்டிக்கொள்கிறான்.

இக்கதையைக் கூத்திலும் திரையிலும் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். அக்கண்ணீர் பெரும்பாலும் அவனைச் சூழ்ந்து கொன்றவர்களின் அநீதிக்காகச் சிந்தப்படுவது. வெளியே வரத் தெரியாத பிள்ளையை உள்ளே அனுப்பிய உறவினரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் தீயவர்கள் அல்லர்; அவன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதனால்தான் அவன் மறுக்கவில்லை. எதிரி கேட்டிருந்தால் பிள்ளை போயிருப்பானா?

இந்தக் கதையிலிருந்து ஒரு வாசிப்பு முறையைப் பெறலாம். போருக்குள் செல்லும் பிள்ளையைப் பற்றிப் படிக்கும்போது, யார் கேட்டுப் போனான், உள்ளே யார் துணை, வெளியே வரும் வழியை யார் காட்டினார் என்ற மூன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

புறநானூற்றுத் தாயும் எண்ணெய் தடவிய தலையும்

தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டி முதல் பல்கலைக்கழக மேடை வரை நாம் தவறாமல் எடுத்தாளும் ஒரு தாய் உண்டு. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்று 279ஆம் பாடலின் தாய் அவள். முன்னொரு நாள் போரில் அவளுடைய தமையன் இறந்தான். தந்தை என்றும் உரை கொள்வர். நேற்றைய போரில் கணவன் இறந்தான். இன்று போர்ப்பறை கேட்கிறது. அவளிடம் இருப்பது ஒரே மகன். அவன் கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களம் நோக்கிப் போகச் சொல்கிறாள். மூதின் முல்லை என்னும் துறையில் அமைந்த பாடல் இது. தமிழச்சியின் வீரத்திற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டு நாம் கைதட்டல் பெற்றிருக்கிறோம். நானும் பெற்றிருக்கிறேன்.

கலந்துரையாடல் நாளில் இப்பாடலை விளக்கி முடித்ததும் முதலாமாண்டு மாணவி ஒருவர் கை உயர்த்தினார். "அக்கா, அந்தப் பையனுக்கு எத்தனை வயசு இருக்கும்?" என்று கேட்டார். அறையில் சற்று நேரம் அமைதி நிலவியது. பாடலில் வயது இல்லை. ஆனால் பிள்ளையை அனுப்புமுன் தாய் செய்யும் செயல்கள் இருக்கின்றன. வெள்ளை ஆடையை விரித்து உடுத்துகிறாள். பரட்டையாய்ப் பறக்கும் குடுமிக்கு எண்ணெய் தடவிச் சீவிவிடுகிறாள். தன் தலையைத் தானே வாரத் தெரிந்த ஆண்மகனுக்குத் தாய் இதைச் செய்வாளா? பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் எந்த வீட்டிலும் காலை ஏழு மணிக்குமுன் நடப்பதுதானே இது? வயதைச் சொல்லாமலே புலவர் சொல்லிவிட்டார் என்று அன்று எங்களுக்குத் தோன்றியது.

பிறகு பாடலை மீண்டும் முதலிலிருந்து படித்தோம். இதுவரை கவனிக்காத வேறு சில செய்திகளும் தென்பட்டன. இப்பாடல் தாயின் கூற்றாக இல்லை. அவளைப் பார்த்து நிற்பவர் ஒருவரின் கூற்றாக இருக்கிறது. அந்தப் பார்வையாளர் முதல் அடியிலேயே அவளுடைய சிந்தை கெடுவதாக என்றும், அவளுடைய துணிவு கடுமையானது என்றும் பதறுகிறார். இதைப் புகழ்வதுபோல் பழிப்பது என்று உரையாசிரியர்கள் விளக்கலாம். வியப்பின் உச்சம் என்றும் கொள்ளலாம். ஆயினும் அப்பதற்றம் பாடலில் இருக்கத்தான் செய்கிறது. பறையைக் கேட்ட தாயின் நிலையைச் சொல்லும்போதும் விருப்பத்தோடு மயக்கத்தையும் சேர்த்தே புலவர் சொல்கிறார். மேடையில் நாம் விருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மயக்கத்தையும் பதற்றத்தையும் விட்டுவிட்டோம்.

புறநானூற்று 77ஆம் பாடலையும் இங்கு ஒப்புநோக்கலாம். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியது அது. இளம் வயதிலேயே களம் கண்ட அரசன் அவன். புலவர் அவனுடைய தேரையும் வில்லையும் பார்க்கிறார். கூடவே கிண்கிணி கழற்றிய காலையும், கழுத்தில் இன்னும் கழற்றாத ஐம்படைத்தாலியையும் பார்க்கிறார். பால்குடி மறந்து இன்றுதான் சோறு உண்டான் என்றும் சொல்கிறார். இது வீரத்தைப் பெருக்கிக் காட்டும் உத்தி என்பதில் ஐயமில்லை. என்றாலும் பாலையும் தாலியையும் பதிவு செய்த கண் குழந்தையையும் கண்டிருக்கிறது எனலாம். நம் முன்னோர் எழுதியதில் குழந்தை இருக்கிறது. நாம் படித்த முறையில்தான் அது காணாமற்போனது.

வன்னித் தாய்

இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, அதே மொழி பேசிய மண்ணில் இக்காட்சி வேறுவகையில் நிகழ்ந்தது. இலங்கைப் போரில் சிறாரைப் படையில் சேர்த்தது பற்றிய செய்தியைத் தமிழராகிய நாம் தயக்கத்தோடுதான் பேசுகிறோம். அந்தப் போரில் தமிழ்க் குழந்தைகள் விமானக் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் பலியானார்கள். பள்ளிகளும் கோயில்களும் தேவாலயங்களும் தாக்கப்பட்டன. அந்த அநீதியைச் சொல்லும் வாய் இதைச் சொல்லக்கூடாதா என்ற சங்கடம் நமக்கு உண்டு. இரண்டையும் சொல்வதே குழந்தைகளுக்குச் செய்யும் நியாயம் என்பது என் கருத்து.

1998 மே மாதம் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குச் சென்றபோது, சிறாரைச் சேர்க்கமாட்டோம் என விடுதலைப் புலிகள் உறுதியளித்தனர். ஆனால் சேர்ப்பு நிற்கவில்லை. 2003 முதல் 2008 இறுதி வரை புலிகள் சிறாரைச் சேர்த்த 6,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை யுனிசெஃப் பதிவு செய்தது. 2004இல் கிழக்கில் பிரிந்துபோன கருணா குழுவும், அரசுப் படைகளின் கண்முன்னே சிறாரைப் பிடித்துச் சென்றதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தியுள்ளன.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் தாய்மாரைப் பார்ப்போம். 2004 ஏப்ரலில் கருணாவின் படை கலைந்தபோது மட்டக்களப்புப் பகுதியில் ஏராளமான பிள்ளைகள் வீடு திரும்பினர். அவர்களை மீண்டும் கொண்டுபோக ஆள் வந்தபோது தாய்மார் மறித்து நின்று வாதாடினர். பின்னர் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் என்ற நிலை வந்தபோது, பெற்றோர் பிள்ளைகளைக் குழிகளிலும் காட்டிலும் ஒளித்துவைத்தனர். மணமானவரை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் திருமணம் செய்துவைத்தனர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அது திரும்பும்வரை படலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

புறநானூற்றுத் தாய்க்கு எஞ்சியிருந்தவன் ஒரே மகன்; அவள் அனுப்பினாள். வன்னித் தாயிடம் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டார்கள், அவள் ஒளித்தாள். இவர்களுள் யார் வீரத்தாய்? பேச்சுப்போட்டி மேடையில் இக்கேள்விக்கு இடமில்லை. ஆனால் இலக்கியம் படிக்கும் மாணவர் இதைத் தவிர்க்க முடியாது. இரவில் குழிமேல் பலகையை மூடி, அதன்மேல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, வந்தவர்களிடம் பிள்ளை ஊரில் இல்லை என்று பொய் சொன்ன ஒரு தாயின் துணிவு வேலேந்த வைத்தவளின் துணிவுக்குக் குறைந்ததன்று. அவளுக்குத் துறையும் இல்லை, திணையும் இல்லை, பாடிய புலவர் கூட்டமும் இல்லை.

இயக்கத்தின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி, 2015இல் மறைந்த பிறகு 2016இல் வெளிவந்த 'ஒரு கூர்வாளின் நிழலில்' என்ற தன்வரலாற்றில், இறுதிக்காலக் கட்டாய ஆள்சேர்ப்பைப் பற்றி உள்ளிருந்தவரின் வேதனையோடு பேசுகிறார். அந்நூலை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. ஆயினும் அனுப்பியவர் தரப்பிலிருந்தும் ஒரு குரல் கேட்கத் தொடங்கியது குறிப்பிடத்தக்கது.

உள்ளே கிடைக்கும் குடும்பம்

எல்லாப் பிள்ளைகளும் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் அல்லர். தாமாகவே ஓடிப்போனவர்களும் பலர். இங்கும் உறவே காரணமாக நிற்கிறது.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வெளிவந்த புதினம். பதின்ம வயதில் இயக்கத்தில் இருந்தவர் எழுதியது. தலைப்பைப் பார்த்ததும் கெரில்லாப் போர் நினைவுக்கு வரும். ஆனால் கொரில்லா என்பது நாயகனின் தந்தைக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். முரட்டுத் தந்தையால் ஏற்பட்ட அவமானம் பிள்ளையின் முதுகில் சுமையாக ஏறியிருக்கிறது. இயக்கத்துக்குப் போகும் பாதையில் நாட்டின் அடக்குமுறை இருப்பதுபோலவே இந்த வீடும் இருக்கிறது. அடிக்கும் தந்தையிடமிருந்து தப்பி, மதிக்கும் அண்ணன்மாரிடம் போகும் பிள்ளையைக் கொள்கை என்ற ஒரு சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது.

கோட் டிவார் நாட்டு எழுத்தாளர் அகமது குருமா 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட புதினத்தில், பிராகிமா என்ற சிறுவன் தாயை இழக்கிறான். லைபீரியாவில் இருக்கும் அத்தையைத் தேடிப் புறப்பட்டவன் போருக்குள் விழுந்து குழந்தைப் போராளியாகிறான். போருக்கு என்று அவன் போகவில்லை. சொந்தத்தைத் தேடிப் போனான். வழியில் தன்னோடு இருந்த சிறுவர்கள் இறக்கும்போது, ஒவ்வொருவனும் யார் பிள்ளை, எப்படி இங்கு வந்தான் என்று அவன் கதை சொல்கிறான். அடக்கம் செய்ய யாருமற்றவர்களுக்கு அதுவே இறுதிச் சடங்காகிறது.

உள்ளே போன பிள்ளைக்கு இயக்கம் ஒரு குடும்பத்தைத் தருகிறது. ஈழத்துப் பேச்சுவழக்கைக் கவனியுங்கள். போராளிகளை ஊர் மக்கள் பெடியள் என்றனர். பையன்கள் என்பதே பொருள். மூத்தவர்களை அண்ணா, அக்கா என்றனர். மிகவும் அஞ்சப்பட்ட தளபதிகள் இருவரின் பெயரோடு ஒட்டிநின்ற சொல் அம்மான். பொட்டு அம்மான், கருணா அம்மான். அம்மான் என்றால் தாய்மாமன், காதணி விழாவில் மடியில் வைத்துக்கொள்பவர். படைத் தளபதி சொன்னால் மீறலாம். தாய்மாமன் சொன்னால் மீற முடியுமா?

இது நமக்குப் புரியாத செய்தி அன்று. பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரத்திலேயே முன்பின் தெரியாத மூத்த மாணவர்களை அண்ணா, அக்கா என்று அழைக்கத் தொடங்கினோம். வீட்டைவிட்டு வந்த அந்த நாட்களில், விடுதியில் ஒரு பொட்டலம் மேகி மீயைப் பகிர்ந்துகொண்ட அக்காவுக்காக எதையும் செய்திருப்போம். கழகத்தில் சேர்ந்ததே அவர் அழைத்ததால்தான் என்று சொல்வோர் நம்மில் பலர். உறவுச்சொல்லுக்கு அவ்வளவு வலிமை உண்டு. அச்சொல்லைக் கொண்டு பிள்ளைகளைத் தமிழ் விழாவுக்கும் அழைக்கலாம். பதுங்கு குழிக்கும் அழைக்கலாம். அழைப்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதை இதனால் அறியலாம்.

போரே சிறுவர் உறவுகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியாக இருந்து 1991இல் மறைந்த கவிஞர் சிவரமணி எழுதிக் காட்டினார். போர்க்கால இரவுகள் பிள்ளைகளை வளர்ந்தவர்களாக்கிவிடுவதையும், தடியைத் துப்பாக்கியாக்கி, நண்பனையே எதிரியாகக் கருதிச் சுடுவது விளையாட்டாகிவிட்டதையும் அவர் கவிதை கூறுகிறது. நம் வயதில் இருந்த ஒரு மாணவி, தம் தெருவில் விளையாடும் தம்பி தங்கையரைப் பார்த்து எழுதியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு வரலாற்றில்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று நாம் ஒதுங்கிவிடவும் இயலாது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சிறுவர்களுக்கென்று பாலசேனா அமைக்கப்பட்டது. ஜான்சி ராணிப் படையில் பதின்ம வயதுப் பெண்களும் இருந்தனர். பின்னாளில் சிறந்த கல்வியாளராகவும் மகளிர் தலைவியாகவும் விளங்கிய ராசம்மா பூபாலன் அப்படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. தம் சகோதரியோடு சேர்ந்தே அவர் அப்படைக்குச் சென்றார். அந்த நாட்களைப் பெருமையோடு நினைவுகூர்ந்தவர் அவர். அப்பெருமையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இளையோருக்கும் சொந்தமாக ஒரு மனமும் முடிவும் உண்டு என்பதற்கு அவர் சான்று. அதே வேளையில் அக்காவோ தங்கையோ கூட இருந்ததால்தான் ஒரு பிள்ளை அடியெடுத்து வைக்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

ஜப்பானியர் காலத்தில் தோட்டத்து இளைஞனுக்கு முன் இருந்த வழிகள் மிகச் சில. சயாம் மரண ரயில் ஆள்பிடிப்பு ஒருபுறம், பட்டினி மறுபுறம், படை இன்னொரு புறம். நம் மலேசிய எழுத்தாளர் அ.ரெங்கசாமி சயாம் ரயில் பாதையைப் பற்றி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலையும், இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி 'இமையத் தியாகம்' என்ற நாவலையும் எழுதியுள்ளார். ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் நம் நூலகங்களில் உண்டு. இவற்றைப் படிக்கும்போது, லயத்து வாசலில் நின்று வழியனுப்பியவர் யார், திரும்பி வந்தவனுக்குக் கதவைத் திறந்தவர் யார் என்று தேடிப் படியுங்கள். இன்னும் 80, 90 வயதைக் கடந்த தாத்தா பாட்டிகள் ஜொகூர்த் தோட்டப்புறக் குடும்பங்களில் இருந்தால், அவர்களிடமும் கேட்டு எழுதிவையுங்கள்.

திரும்பும் வழி

அபிமன்யுவுக்குத் தெரியாதிருந்தது வெளியே வரும் வழி. குழந்தைப் போராளி பற்றிய நூல்களில் மிகவும் கடினமான பகுதியும் அதுவே.

சியரா லியோன் நாட்டைச் சேர்ந்த இஸ்மாயில் பேயா 13 வயதில் அரசுப் படையில் சேர்க்கப்பட்டவர். அவருடைய தன்வரலாறு 2007இல் வெளிவந்தது. அதில் வரும் சில காலக்கணக்குகள் பின்னர் விவாதத்திற்கு உள்ளாயின. ஆயினும் மறுவாழ்வு மையத்தைப் பற்றிய பகுதிகள் மனத்தை விட்டு அகலாதவை. போரிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்கள் நன்றி சொல்லவில்லை. ஆத்திரப்பட்டார்கள், பொருள்களை உடைத்தார்கள், பணியாளர்களை அடித்தார்கள். குடும்பமாக நினைத்த படைப்பிரிவிலிருந்து பிரித்துவிட்டார்களே என்ற கோபம் அது. பணியாளர்களோ, நடந்தது உன் தவறன்று என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அச்சொல்லே சிறுவர்களுக்கு முதலில் எரிச்சலூட்டியது.

பேயாவின் மனத்தைத் திறந்தவர் எஸ்தர் என்ற தாதி. அவனுக்குப் பாட்டு பிடிக்கும் என்று அறிந்து பாட்டு கேட்கும் கருவியும் ஒலிநாடாவும் வாங்கிவந்து கொடுத்தார். கதை சொல்லும்படி வற்புறுத்தவில்லை. அவன் பேசியபோது கேட்டார். பிறகு ஒரு சித்தப்பா, தாம் முன்பு பார்த்தே இராத அந்தப் பிள்ளையைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். மருத்துவம், கல்வி, நிதி எல்லாம் தேவைதான். ஆனால் பிள்ளை திரும்பி வந்து நிற்பது ஒரு வீட்டின் வாசலில்.

இலங்கையில் 2009இல் போர் முடிந்தபின் 594 சிறார் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் கொழும்புக்கு அருகில் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்க வைக்கப்பட்டனர். 2010இல் அவர்கள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஒரு பிள்ளை மீண்டும் பள்ளிச் சீருடை அணியும்போது, பக்கத்து நாற்காலி மாணவன் அவனிடம் என்ன பேசுவான்? ஊர் அவனைத் தியாகி என்று அழைக்குமா, கொலைகாரன் என்று அழைக்குமா? இரண்டில் எதுவும் அவனுக்கு உதவாது. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒருவரே அவனுக்குத் தேவை.

2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்தை இங்கு நினைவூட்டலாம். அதில் ஷோபாசக்தியே முன்னாள் போராளியாக நடித்தார். முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் ஒன்பது வயதுச் சிறுமியும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் அயல்நாடு செல்கின்றனர். குடும்பம் என்பது முதலில் பொய். போகப்போகத்தான் அது மெய்யாகத் தொடங்குகிறது. உறவு பிறப்பால் மட்டும் வருவதன்று, அதை உண்டாக்கவும் முடியும் என்பதில் திரும்பி வரும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை இருக்கிறது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துக்கொள்வோம். போர் பற்றிய எந்தப் படைப்பைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் படிக்குமாறு இளையோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, போனவருக்கு வயது என்ன?
இரண்டு, யார் சொல்லிப் போனார், அல்லது யாரிடமிருந்து தப்பிப் போனார்?
மூன்று, உள்ளே யார் அவருக்குத் தாயாகவும் அண்ணனாகவும் மாறினார்?
நான்கு, திரும்பி வந்தபோது கதவைத் திறந்தவர் யார்?

இந்தக் கேள்விகள் புறநானூற்றின் பெருமையைக் குறைக்கமாட்டா. ஒக்கூர் மாசாத்தியார் வேலையும் எண்ணெயையும் ஒரே பாடலில் வைத்தவர். வேலை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணெயை விட்டுவிட்டால் அவர் பாடியதில் பாதியைத்தான் படித்தவர்களாவோம்.

நம் கழகத்தின் அடுத்த பேச்சுப்போட்டியில் யாரேனும் அந்தத் தாயைப் பற்றிப் பேச முன்வந்தால், தாராளமாகப் பேசட்டும். பேசி முடித்தபின் நடுவர் ஒரு கேள்வி கேட்பது வழக்கமல்லவா? அந்தப் பையனுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயாராக வரும் மாணவர் பாடலையும் நன்றாகப் படித்திருப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சற்று உற்றுப் பார்த்திருப்பார்.